இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் தம்பி

லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சேர்மன் எந்த நிமிடமும் வரலாம்.

ஸ்டூடியோ நடுவில் முழு அளவுக் களிமண் கார். இடப் பாதி அவள் டிசைன், வலப் பாதி அவள் தம்பியுடையது. இந்தக் கம்பெனி வழக்கம் அது. சேர்மன் தேர்ந்தெடுத்து ஜெயித்த பாதி சில வருடங்களில் முழுக் காராகி ரோட்டில் ஓடும். தோற்ற பாதியைத் தோற்றவரே சுரண்டி எடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை சுரண்டியவள் அவள். இன்றும் சுரண்டினால் கதவுக் கைப்பிடி செக்‌ஷனுக்குத் தள்ளிவிடுவார்கள்.

"அம்மா போன் பண்ணாங்க," என்றான் தம்பி. "தோத்தவங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தா சோறு கிடையாதாம்."

"அப்ப உனக்குப் பட்டினிதான்டா."

சிரித்தபடி காரைச் சுற்றி வந்தவள் சட்டென்று நின்றாள்.

பெயின்ட் அடித்தாற்போல் பளபளக்க, கார் முழுக்க வெள்ளி ஃபிலிம் ஒட்டியிருந்தது. கூரை விளக்கின் பிரதிபலிப்பு அதில் நூல் பிடித்த மாதிரி ஒளிக்கோடாக ஓடும். தம்பியின் பானெட்டில் மட்டும் அது நெளிந்தது. ஒரு குழி.

காலையில், ஃபிலிம் ஒட்டும் முன், சூடாக்கி அப்பிய களிமண் ஆறி இறுகாதபோது அங்கே முழங்கை ஊன்றித் தன் பக்கத்து வளைவை எட்டிப் பார்த்தது அவள்தான்.

சேர்மன் அந்த ஒளிக்கோட்டைத்தான் பார்ப்பார். வாயைத் திறக்காவிட்டால் போதும், ஜெயித்துவிடலாம். தண்ணீர் குடிக்கப் போனாள். டம்ளரை நிரப்பி அப்படியே வைத்தாள். திரும்பி வந்தாள்.

"என்னக்கா, இருப்புக் கொள்ளாம அலையுற?"

"டேய், உன் பானெட்ல குழி விழுந்திருக்கு. என் முழங்கைதான்."

அவன் குனிந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. தன் பக்கத்து ஃபிலிமை உரித்துப் போட்டு, களிமண் அப்பிக் குழியை மூடினான்.

"திரும்ப ஒட்ட அரை நாளாகும். உன் வெள்ளிக்குப் பக்கத்துல இந்தக் களிமண் பழுப்பை யாரு பார்ப்பா? விடுக்கா."

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் அவளைக் குத்தியது. கீழே லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் தன் பக்கத்து ஃபிலிமின் ஓரத்தில் நகத்தை விட்டுக் கிழித்தாள்.

"பைத்தியமா உனக்கு?"

"பேசாம அந்த முனையைப் பிடிச்சு இழுடா."

சேர்மன் உள்ளே வந்தபோது கார் முழுக்கப் பழுப்பு.

"வெள்ளி எங்கம்மா?"

"இன்னிக்கு இல்லைங்க சார்."

வேறு வழியில்லாமல் அவர் கையால் தடவிக்கொண்டே சுற்றினார். அவள் பக்கம் ஒரு முறை. தம்பி பக்கம் இரண்டு முறை. "இது," என்று அவன் கதவைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவள் சுரண்டியை எடுத்தாள். தம்பியும் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பாதியின் எதிர்முனைக்குப் போனான்.

"கைப்பிடியாவது ஒழுங்கா பண்ணுக்கா. என் கார்ல மாட்டணும்."

"முழங்கையாலயே பண்ணித் தர்றேன்டா," என்றாள். முதல் களிமண் சுருள் தரையில் விழுந்தது.