பூஅஸ்ஸாவின் முப்பத்தோரு கண்டெய்னர்கள்

போன கோடையில் நான் விற்ற தேநீர்க் கிளாஸ்களில் பதினேழு, ஒரே கல்யாண வீட்டில் உடைந்தன. கொதிக்கக் கொதிக்கப் புதினாத் தேநீர் ஊற்றியதும் விரிசல். இந்தக் கல்யாண சீசனிலும் அப்படி ஆனால் தர்ப் ஒமர் சந்தையில் என் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். எதிர்க்கடை பூஅஸ்ஸாவின் கிளாஸ் மட்டும் கல்லு மாதிரி நிற்கிறது. வயிறு எரியாதா?

எங்கே வாங்குகிறான் என்று கேட்டால், "சீனாவுலதான்" என்பான். எனக்குத் தெரியாதாக்கும்.

இணையத்தில் சந்தா கட்டி, கப்பல் சரக்குப் பதிவுகளில் அவன் கம்பெனிப் பெயரைத் தட்டினேன். அனுப்பியது யார், எத்தனை பெட்டி, எந்தத் தேதி, எல்லாம் கிடந்தது. ஓர் ஆலையிடம் ஒரே தடவை வாங்கிவிட்டு விட்டுவிட்டான். இன்னொன்றிடம் இரண்டு தடவை. மூன்றாவதிடம் ஆறு வருடத்தில் முப்பத்தோரு கண்டெய்னர். திரும்பத் திரும்பப் போகிறான் என்றால் சரக்கு நம்பகம். அகப்பட்டுக்கொண்டான் என்று துள்ளினேன்.

எங்கள் சந்தையில் புது ஆள் சரக்குக் கேட்டால் கிடைக்காது; யார் சொல்லி வந்தாய் என்பார்கள். அந்தப் பழக்கத்தில், ஆலைக்கு எழுதும்போது கை தானாகச் சேர்த்துவிட்டது: 'என்னைப் பற்றி பூஅஸ்ஸாவிடம் விசாரிக்கலாம்.' என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விசாரித்தேவிட்டார்கள். மறுநாள் காலை பூஅஸ்ஸா போனும் கையுமாக வந்து உட்கார்ந்தான்.

"லல்லா துரியா, உங்கள நம்பலாமான்னு சீனாக்காரன் கேக்குறான். நான் சரின்னாத்தான் சரக்காம்."

'லல்லா' என்று அம்மா போட்டு அவன் கூப்பிட, திருடி மாதிரி நின்றேன். "மொதல்ல தேநீர் சாப்பிடுங்க, சி பூஅஸ்ஸா" என்று நானும் 'சி' சேர்த்து, ஐயா போட்டு ஊற்றினேன். கிளாஸ் படக்கென்று விரிந்து அவன் செருப்பெல்லாம் தேநீர்.

அவன் காலை உதறிவிட்டு ஏதோ தட்டி அனுப்பினான்.

"என்ன எழுதுனீங்க?"

"வாய் கொஞ்சம் நீளம், வாக்கு சுத்தம்னு. கல்யாண வீட்டுல ஒடஞ்சதுக்கு, அவங்க கேக்காமலே என் கடையில வாங்கி மாத்திக் குடுத்தீங்கல்ல?"

கண் கலங்கியது. கோபமும் வந்தது.

"அந்த வாய் நீளத்த எடுத்துடுங்க."

"எடுத்தா நான் பொய் சொன்னதா ஆயிடும், லல்லா. அப்புறம் என்னை அவன் எப்படி நம்புவான்?"