இரங்கல் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி

எங்கள் பத்திரிகையின் இரங்கல் பக்கத்தில் விளம்பரம் வராது. என் தகப்பனார் போட்ட விதி அது. அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறிய பிறகும் அதைக் காப்பாற்றி வருவதாகவே நான் நினைத்திருந்தேன்.

வாசகர்களில் பாதிப் பேர் விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொண்டு படிக்கிறார்கள் என்று என் மகன் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. உண்ட வீட்டில் பின்வாசல் வழியாக நழுவுகிறவர்கள் என்று தலையங்கம் எழுதினேன். தடுப்பானை எடுக்காதவர்களுக்குப் பக்கம் திறக்கவே கூடாது என்று உத்தரவும் போட்டேன். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னான் மகன். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை, இறந்துபோன என் அண்ணனின் அறிவிப்பைப் பார்க்கக் கணினியைத் திறந்தேன். ‘தடுப்பானை நீக்கினால் படிக்கலாம்’ என்று வந்தது. நானே எழுதிக்கொடுத்த வாசகம்.

மருமகளைக் கூப்பிட்டேன். இரண்டு வருடமாக இருக்கிறது, நான்தான் போட்டேன் என்றாள்.

"என்னையும் திருடனாக்கிட்டியா?"

"நீங்க பாத்தா தாங்கமாட்டீங்க மாமா," என்றாள்.

எடுக்கச் சொன்னேன். படத்தில் அண்ணனின் நெற்றியை மறைத்துக்கொண்டு தொப்பை கரைக்கும் மாத்திரை வந்தது. மார்பின் மேல் ஒருத்தி ஆடினாள். நான் பரிசு வென்றிருக்கிறேனாம். மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டால் மூடவில்லை, இன்னொன்று திறந்தது.

மகனைத் தொலைபேசியில் பிடித்தேன். இரங்கல் பக்கத்தை மட்டுமாவது விட்டுவிடச் சொன்னேன். முடியாது என்றான், எந்தப் பக்கத்தையும் விலக்கக் கூடாது என்று விளம்பர நிறுவனத்தோடு ஒப்பந்தம், இன்னும் மூன்று வருடம் பாக்கி.

"எவன் கையெழுத்துப் போட்டான்?"

"நீங்கதான்பா. நாப்பது பக்கம், படிச்சுப் பாருங்கன்னு சொன்னேன். நம்ம வீட்டுல வாக்குதான் பெருசுன்னுட்டு கடைசிப் பக்கத்துல போட்டீங்க."

தடுப்பானைத் திரும்பப் போட்டு, எனக்கு மட்டும் பக்கம் திறக்க வழி செய்யட்டுமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். தலையங்கத்தின் அடியில் என் பெயர் இருந்தது.

அப்போது அண்ணி அழைத்தாள்.

"தம்பி, பேரன் ஏதோ தடுப்பு போட்டு வெச்சிருந்தான். நீங்க எழுதியிருந்தீங்கன்னு எடுக்கச் சொல்லிட்டேன். இப்ப அவர் முகமே தெரியலையே. எதை மூடணும்?"

தடுப்பானைத் திரும்பப் போடுங்கள், என் உத்தரவை எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"வலது மூலையில பாருங்க அண்ணி," என்றேன். "சின்னதா ஒரு பெருக்கல் குறி இருக்கும்."

"இருக்கு. தொட்டேன். வேற ஒண்ணு வந்திருச்சு."

"அதுலயும் இருக்கும், தேடுங்க," என்றேன். என் திரையில் நானும் தேடிக்கொண்டிருந்தேன்.