கொய்யாத்தோப்பு விலக்கு, ஒரு தரம்

கொய்யாத்தோப்பு விலக்கில் ஆம்பளை நின்றால் எட்டாம் நம்பர் டவுன் பஸ் நிற்கும். பொம்பளை மட்டும் நின்றால் நிற்காது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனதிலிருந்து இந்தக் கூத்து. எல்லா டிரைவரும் இப்படி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காலை எட்டு நாற்பது வண்டியை ஓட்டுகிற மனிதருக்குச் சேலையோ சுடிதாரோ கண்ணில் பட்டால் போதும், கால் தானாக ஆக்சிலரேட்டரில் அமுங்கும். விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் அருள்தாஸ் அண்ணன் இறங்கி வந்து கை காட்டினால் அதே வண்டி பவ்யமாக நிற்கும். அண்ணன் ஏற மாட்டார். ஏஞ்சல் ஏறிக்கொள்வாள்.

அருள்தாஸ் அண்ணன் மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போனார். அவர் போன வாரத்திலேயே ஏஞ்சலுக்கு இரண்டு லேட் மார்க் விழுந்தது.

ஏஞ்சல் அன்னவாசலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. மூன்றாவது லேட் மார்க் விழுந்தால் மறுநாள் வர வேண்டாம் என்று தலைமையாசிரியை சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். அந்த வேலைக்காக அவள் மூன்று வருடம் சர்டிபிகேட் பையோடு அலைந்ததைப் பார்த்தவள் நான். ஸ்கூட்டியில் போகலாமே என்று கேட்பீர்கள். கற்றுக்கொடுத்தேன். என் ஸ்கூட்டிக்கு இப்போது முகப்பு விளக்கு இல்லை.

அந்தப் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அடிப்பவர் செங்கமலம் அக்கா. சுத்தியல் இரண்டு முறை களவு போனதிலிருந்து அதைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். ஈச்சங்குளம் விலக்கில் அவருக்கும் பஸ் நிற்காது. ஏழரைக்கே கிளம்பி நடந்து வந்து, ஒன்பது மணிக்கு ஓங்கி ஒன்பது அடி அடிப்பார். அதன் பிறகு கேட்டில் லேட் ரிஜிஸ்டர் திறக்கும். ‘மணி அடித்த பின் வருவோர் தாமதம்’ என்று தலைமையாசிரியை அங்கே பெயிண்டில் எழுதியே வைத்திருந்தார்.

இனி எங்களைப் பற்றி. நாங்கள் மூன்று பெண்கள், ஒரு பங்க் ராக் பேண்ட். பெயர் கரகர. ஏஞ்சல் கிடார், ஆவூர்க்காரி, மாதா கோயில் பாடற்குழுவில் பழகிய கை. அன்புச்செல்வி பாட்டு, கட்டுமாவடியில் மீன் ஏலம் விடுகிறவள், ஞாயிறு தோறும் மீன் வண்டியில் வந்து இறங்குவாள். நான் பிரகதாம்பாள், டிரம்ஸ். வார நாட்களில் அன்னவாசல் லேப்பில் ரத்தம் எடுக்கிறேன். ஊரில் பாதிப் பேரைக் குத்தியிருக்கிறேன் என்பதால் என்னிடம் யாரும் வம்புக்கு வருவதில்லை.

படிக்கும்போது மூவரும் புதுக்கோட்டையில் ஒரே ஹாஸ்டல். அங்கேதான் ஏஞ்சலின் போனில் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டோம். ஏதோ ஒரு நாட்டில் நாலு பொம்பளைகள் கத்துகிறார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை; கோபம் மட்டும் நன்றாகப் புரிந்தது. அன்புச்செல்வி இட்லியை வைத்துவிட்டு, “இது எங்க ஏலக்கொட்டகைச் சத்தம்டீ” என்றாள். அவ்வளவுதான் எங்கள் இசைப் பாரம்பரியம். ஹாஸ்டல் பாடற்குழுவில் சேர்க்காமல் அனுப்பிய தொண்டை அவளுடையது. எங்களுக்கு அந்தத் தொண்டைதான் வேண்டியிருந்தது. கிடாரில் மூன்று கார்டு, இரண்டு நிமிடம், ஒரு கோபம். ஒரு பாட்டுக்கு அதற்கு மேல் எதற்கு?

உடைக்கு முதலில் கறுப்பு டீ-ஷர்ட் வாங்கினோம். அன்புச்செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு அன்னவாசலில் ஒரு நாய்கூடப் பயப்படாது, ஆனால் நைட்டி போட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை குழாயடியில் இறங்கினால் தெருவே ஒதுங்கும் என்றாள். மறுத்துப் பேச முடியவில்லை. அன்றிலிருந்து மேடையில் பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு.

எங்களிடம் ஐந்து பாட்டுகள் உண்டு. ஐந்தாவது, ஏஞ்சலின் இரண்டாவது லேட் மார்க் அன்று சாயங்காலம் பிறந்தது.

எட்டு நாப்பது எட்டு நாப்பது
கைய நீட்டுனா கண்ணு தெரியாது
பல்லக் காட்டிப் பறந்து போவுது
நிப்பாட்டு நிப்பாட்டு நிப்பாட்டு

இப்படி இருக்கும்போது அபிராமி என்று ஒருத்தி லேப்புக்கு சுகர் டெஸ்ட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காது குத்தாம். பேசி வைத்திருந்த ஆர்கெஸ்ட்ராவில் பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், கச்சேரி இல்லாமல் விசேஷமா என்று ஊசியைப் பார்க்காமல் புலம்பினாள். எனக்கு மூளைக்கு முன்னால் வாய் ஓடும். நாங்கள் வருகிறோம் என்றேன். ஆர்கெஸ்ட்ரா என்றால் மூன்று மணி நேரம். எங்களிடம் இருப்பது மொத்தம் ஒன்பது நிமிடம். அது ரத்தத்தை டியூபில் ஊற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் பந்தலில் போய் இறங்கினோம். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். அதில் தாய்மாமன் கூலிங் கிளாஸோடு நிற்கிறார், பின்னால் எட்டாம் நம்பர் பஸ். கீழே ‘ஓட்டுநர் திருப்பதி’. ஏஞ்சல் கிடார் பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அந்தப் பாட்டு மட்டும் வேணாம்டீ. நாளைக்குக் காலைல இவரு வண்டிக்குத்தான் நான் நிக்கணும். அருள்தாஸ் அண்ணன் இன்னும் வரல.”

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. ஆனால் வேலை அவளுடையது. அன்புச்செல்வியே சரி என்று தலையாட்டியபோது நான் என்ன சொல்ல?

மீதி நான்கு பாட்டையும் பாடினோம். ஏழு நிமிடத்தில் முடிந்தது. கூட்டம் எங்கள் நைட்டியைப் பார்த்த பார்வையை எடுக்கவே இல்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், மைக் டெஸ்டிங் நன்றாக இருந்தது, கச்சேரி எத்தனை மணிக்கு என்று அக்கறையாகக் கேட்டார். நேயர் விருப்பச் சீட்டுகள் ஒரு தாம்பாளத்தில் வந்தன. எல்லாமே சினிமாப் பாட்டு. எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த நேரத்தில் எதிரே காது குத்த உட்கார்ந்தார்கள். மாலையும் கழுத்துமாகத் திருப்பதி மணையில் அமர்ந்திருக்க, மடியில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நாலு வயதுக் குழந்தை. ஆசாரி ஊசியை எடுத்ததும் அது ஊரைக் கூட்டியது. சாமியாடி வந்து சொல்லியும் அடங்கவில்லை. அபிராமி எங்களைப் பார்த்து, எதையாவது சத்தமாக வாசியுங்கள் என்று கையைக் கையை ஆட்டினாள்.

இருந்தது ஒரே பாட்டு. அது கிடாரில் தொடங்குவது. ஏஞ்சல் தொடங்காமல் நாங்கள் தொடங்க முடியாது. அவள் திருப்பதியைப் பார்த்தாள், அழுகிற குழந்தையைப் பார்த்தாள், உள்ளங்கையை நைட்டியில் துடைத்தாள். அப்புறம் அடித்தாள் பாருங்கள், முதல் கார்டு. அந்த நிமிடம் அவள் மேல் எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வேன். அழுகை முட்டியது, குச்சியை ஓங்கி அடித்துச் சமாளித்தேன்.

அன்புச்செல்வி ‘எட்டு நாப்பது’ என்று எடுத்ததும் குழந்தை வாயை மூடிக்கொண்டது. தன்னைவிடப் பெரிய அழுகையை அது அன்றுதான் கேட்டது போல. ஆசாரி அந்தச் சந்தில் ஒரு காதை முடித்துவிட்டார். இரண்டாவது வரியில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. நாலாவது வரியில் அந்தப் பக்கம் முழுவதும் ‘நிப்பாட்டு’ என்று கூடவே கத்தியது. திருப்பதிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே எழுந்து போவது?

தாம்பாளம் மறுபடி வந்தது. இந்தச் சீட்டுகளில் சினிமா இல்லை. ‘ஈச்சங்குளம் விலக்கையும் சேர்த்துப் பாடவும் - செங்கமலம்.’ அக்கா அபிராமிக்குச் சொந்தம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். ‘செட்டியூரணி. மூன்று பேர் தினமும் நிற்கிறோம்.’ ‘புளியமரத்து ஸ்டாப்.’ எண்ணிப் பார்த்தால் எங்களுடையதையும் சேர்த்து ஏழு. கடைசிச் சீட்டு மணையிலிருந்து வந்தது, வெற்றிலைப் பை கிழிசலில் எழுதியது. அன்புச்செல்வி பாட்டை நிறுத்தி மைக்கில் வாசித்தாள். மூன்றாவது வரி தவறு, நான் பல்லைக் காட்டியதில்லை, ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுவேன், இப்படிக்குத் திருப்பதி.

“அண்ணன் சொல்றது நியாயம். வரிய மாத்திருவோம்” என்றாள். “ஆனா இப்ப ரோடு இல்ல. இங்கிட்டுப் பாருங்கண்ணே.”

அவர் பார்த்தார். அவள் குரல் மாறியது. அது பாட்டுக்காரி குரல் இல்லை, கட்டுமாவடிக் குரல்.

“கொய்யாத்தோப்பு விலக்கு, காலை எட்டு நாப்பது. ஒரு தரம்.”

மீன் ஏலத்தில் வாயைத் திறந்து கேட்பவர் யாரும் கிடையாது. தலை அசைந்தால் கேட்டதாக அர்த்தம். நான் டிரம்மில் ஒரு அடி வைத்தேன்.

“ரெண்டு தரம்.”

ஆசாரி மறு காதில் ஊசியை இறக்கினார். குழந்தை கையை வீசியது. அது மோவாயில் படாமலிருக்கத் திருப்பதி தலையைச் சட்டென்று கீழே இறக்கினார்.

“மூணு தரம். முடிஞ்சிருச்சு.”

பந்தலே கைதட்டியது. அவர் பதறிப்போனார்.

“நான் எங்க தலையாட்டுனேன். புள்ள கை ஓங்குச்சு, அதான்.”

“ஏலத்துல தலை அசைஞ்சா அசைஞ்சதுதாண்ணே. நண்டு கடிச்சு அசைஞ்சாலும் அதான் சட்டம்.”

அடுத்த ஐந்து ஸ்டாப்புக்கு அபிராமியே அண்ணனுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்து ஆட்டிவிட்டாள். அவளும் புளியமரத்து ஸ்டாப்பில் நின்று ஏமாந்தவள்தானாம். கூடப் பிறந்தவளையே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஏழாவதாக ஈச்சங்குளம் வந்தபோது செங்கமலம் அக்கா பையிலிருந்து சுத்தியலை எடுத்து, பந்தல் இரும்புக் கம்பத்தில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒன்று போட்டார். எங்கள் பேண்டில் தாளம் தப்பாமல் அடித்த முதல் ஆள் அவர்தான். அதற்கு மட்டும் திருப்பதி தானாகவே தலையை ஆட்டினார். அப்போதுதான் பல்லும் தெரிந்தது. கறிச்சோறு போட்டபோது ஏஞ்சலின் இலையில் எலும்பில்லாத துண்டாகப் பார்த்து வைக்கச் சொன்னதும் அவர்தான்.

பந்தலில் ஆட்டிய தலை ரோட்டில் என்ன செய்யும் என்று யார் கண்டது? திங்கட்கிழமை காலை நானும் ஏஞ்சலோடு விலக்கில் போய் நின்றேன். லேப் பத்து மணிக்குத்தான். எட்டு நாற்பதுக்கு வண்டி வந்தது. நாங்கள் கையை நீட்டுவதற்கு முன்பே நின்றது. திருப்பதி எங்களைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே, “ஏறுங்க, வெரசா” என்றார். ஏஞ்சல் படியில் ஏறியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மூன்றாவது ஸ்டாப் வரை இருந்தது. ஏலம் போன ஏழு ஸ்டாப்பிலும் வண்டி நின்றது. ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகப் பெண்கள். இத்தனை பேர் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? கூடையை ஏற்றி, பேத்தியை ஏற்றி, பாதிப் படியில் நின்று பின்னால் வருகிறவளைக் கூவி அழைத்து, நேற்றைய காதுகுத்தைப் பற்றி டிரைவரிடம் ரெண்டு வார்த்தை பேசி, அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்கள். அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. (இப்போது வண்டி ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்புகிறது. அது பிறகு வந்த புத்தி.) ஐந்தாவது ஸ்டாப்பில் மணி எட்டு ஐம்பத்தெட்டு. ஏஞ்சல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் அவள் நாடியைப் பார்த்தேன், நூற்றுப் பத்து. நின்றாலும் போச்சு, நிற்காவிட்டாலும் போச்சு என்றால் என்னதான் செய்வது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறாவது ஸ்டாப்பில் ஒன்பது தாண்டிவிட்டது.

ஏழாவது ஈச்சங்குளம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு செங்கமலம் அக்கா ஏறினார். எங்களுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்து எத்தனை நாளாச்சு என்று சந்தோஷப்பட்டார். அப்புறம்தான் ஏஞ்சலின் முகத்தைக் கவனித்தார்.

“ஏன் டீச்சர் ஒரு மாதிரி இருக்கீங்க?”

“மணி ஒம்பது தாண்டிருச்சுக்கா. மூணாவது லேட் மார்க்.”

அக்கா பையை மடியில் தூக்கி வைத்தார். உள்ளே இரும்பு நங்கென்றது.

“நான் பஸ்ஸுல இருக்கேன். பெல்லு எங்கிட்டு அடிக்கும்?”

பள்ளி வாசலில் இறங்கியபோது கேட் அகலத் திறந்திருந்தது. மைதானம் முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் லேட் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொங்குகிற தண்டவாளத் துண்டைப் பார்த்தபடி தலைமையாசிரியை நின்றிருந்தார். ஏஞ்சல் வணக்கம் சொல்லிவிட்டு அவரைக் கடந்து போனாள். அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், கேட்டில் தாம் எழுதிய வாசகத்தைப் பார்த்தார், ரிஜிஸ்டரை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

செங்கமலம் அக்கா நிதானமாக நடந்து வந்து, சேலையை இழுத்துச் செருகி, சுத்தியலை எடுத்து ஒன்பது அடி அடித்தார். அப்போது மணி ஒன்பது பன்னிரண்டு. ஏஞ்சல் ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் தேதியை எழுதி முடித்திருந்தாள்.