பெலிகன் திட்டமும் ஒரு ஹீட்டரும்

பட்ஜெட் மசோதாவின் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரியால் எங்களைத் தூக்கிப் பொருளாதார வளர்ச்சி முகமைக்குக் கீழே போட்டுவிட்டார்கள். மாநிலக் கலை மன்றம் என்றதும் ஏதோ மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தம் மூன்று பேர், படியேறினால் முனகும் ஒரு பழைய வீடு, பாதி நாள் வேலை செய்யாத ஒரு காபி இயந்திரம். அதில் நான் மார்லிஸ், சின்ன ஊர்களுக்கு மானியம் கொடுக்கிறவள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. அந்த நாற்காலியையும் என்னையும் சேர்த்து முகமையின் நான்காவது மாடிக்கு ஏற்றினார்கள்.

அங்கே யாருக்கும் அறை கிடையாது, கதவு கிடையாது. நடுக்கூடத்தில் ஒரு பித்தளை மணி. ஏதாவது ஒரு கம்பெனி நம் மாநிலத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால் மணியை அடிப்பார்கள், நாற்பது பேரும் எழுந்து கைதட்டுவார்கள். இயக்குநர் பெயர் கர்ட் ஹன்ஸ்டாட். பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு நாய் பிஸ்கட் தொழிற்சாலையைத் தட்டிக்கொண்டு வந்ததால் பெரிய பேர் வாங்கியவர். முதல் நாள் கூட்டத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மார்லிஸ், போன வருஷம் உங்க டீம் எத்தன கம்பெனியக் கொண்டு வந்துச்சு?"

"நாங்க யாரையும் கொண்டு வரல, கர்ட். பாடுறவங்க, வரையிறவங்க எல்லாம் ஏற்கெனவே இங்கதான் இருக்காங்க."

"ஓ! அப்ப அவங்கள வெளிய போகாம தக்க வெச்சிருக்கீங்க!"

"நாங்க என்னத்தத் தக்க வெக்கிறது? அவங்க வீடு இங்க இருக்கு."

அவர் மிகுந்த மரியாதையுடன் தன் குறிப்பேட்டில் 'தக்கவைப்பு' என்று எழுதிக்கொண்டார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடிக்காமல் போயிற்று.

அடுத்து விண்ணப்பப் படிவம் மாறியது. எங்களுடையது ஒரு பக்கம், அவர்களுடையது பதினேழு பக்கம். தொழிற்சாலைகளுக்காக அச்சடித்ததை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கவிஞர்களுக்கும் அனுப்பச் சொன்னார்கள். தினமும் எவ்வளவு தண்ணீர் தேவை என்ற இடத்தில், தொண்டை வறண்டால் ஒரு டம்ளர் என்று ஒரு பாடகி எழுதியிருந்தார். எத்தனை லாரிகள் வந்துபோகும் என்று கேட்டதற்கு, மகன் வீடு மாறியபோது ஒன்று வந்தது என்று ஒரு கவிஞர் நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தார். இப்படி வந்ததையெல்லாம் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டில் சிரிப்போம். வேறென்ன செய்ய?

செப்டம்பரில் வெர்னா ஓட்கார்டின் படிவம் வந்தது. வெர்னாவை எனக்கு நன்றாகத் தெரியும், எட்டு வருடம் என்னைப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிப்போன ஓட்டுநர் அவர்தான். இப்போது ஓய்வு பெற்று, டர்ட்டில் பெண்ட் ஊரின் பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தலைவி. டியூபா என்கிற பெரிய பித்தளைக் குழல் வாசிப்பார். மொத்தம் பதினான்கு பேர். டர்ட்டில் பெண்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த மாநிலம். ஊர்க் கூடத்தில் இருந்த ஹீட்டர் உயிரை விட்டுவிட்டது. நவம்பர் குளிருக்குள் புதிது ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கூடத்தில் பயிற்சி செய்ய முடியாது. அவ்வளவுதான் கோரிக்கை.

இருபத்திரண்டாவது கேள்வி: 'இந்தத் திட்டம் வேறு மாநிலத்துக்குச் செல்லும் வாய்ப்பு உண்டா? ஆம் எனில், எப்போது?'

வெர்னா எழுதியிருந்தார்: 'உண்டு. வெள்ளிக்கிழமைதோறும், பயிற்சி முடிந்ததும், பதினான்கு பேரும்.'

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மதுக்கடையில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் போடுவார்கள். பயிற்சி முடிந்ததும் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், இது எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். வெர்னா மீனைப் பற்றி மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். நான் ஒரு போன் போட்டுத் திருத்தச் சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு, முத்திரை குத்தி, மேலே அனுப்பினேன். தப்பு என்னுடையதுதான். கர்டைத் திட்டும்போதெல்லாம் இதை நான் சௌகரியமாக மறந்துவிடுவேன்.

மறுநாள் கர்ட் ஓடி வந்தார். "மார்லிஸ்! கதவச் சாத்துங்க!"

"இங்க கதவே இல்ல, கர்ட்."

அவர் குனிந்து என் மேசைக்கு அடியில் பேசுவது போலப் பேசினார். "டர்ட்டில் பெண்ட். பக்கத்து மாநிலத்துக்காரங்க வாரா வாரம் கூப்பிட்டு விருந்து வெக்கிறாங்க போலிருக்கு!"

"விருந்தெல்லாம் இல்ல. மீன் வறுவல். அவங்கவங்க காசக் குடுத்துத்தான் சாப்பிடறாங்க."

"அப்படித்தான் ஆரம்பிக்கும். நாய் பிஸ்கட் ஆளுங்கள நான் எப்படி வளைச்சேன்னு நெனக்கிறீங்க? விலாக்கறி! மூணே தடவ. நாலாவது தடவ கையெழுத்து."

அந்த மாடியில் பெரிய பேரம் எதற்கும் ரகசியப் பெயர் வைப்பது வழக்கம். வெர்னாவின் குழு அன்றைக்கே 'பெலிகன் திட்டம்' ஆனது. லிஃப்டில் வாத்தியம் என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் கடிதம் வந்தது. என்னிடம் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். படிவத்தை முதலில் படித்தவளே நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அக்டோபர் நடுவில் ஐந்து பேராக டர்ட்டில் பெண்டுக்குப் போனோம். கர்டும் அவர் ஆட்களும் மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான் ஊர்க் கூடத்துக்குள் நுழைந்தார்கள். உள்ளே பதினான்கு பேரும் கோட்டு போட்டு, விரல்நுனி வெட்டிய கையுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு விட்டால் புகை வந்தது.

வெர்னா டியூபாவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏய் மார்லிஸ், இவங்க ஏண்டி தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு வந்திருக்காங்க? கூரை எதுவும் விழப்போகுதா?"

"இது மரியாதைக்கு, வெர்னா. பெரிய கம்பெனிக்குப் போனா இப்படித்தான் போவாங்க."

"சரி சரி. ஹீட்டர் வண்டியில இருக்கா?"

வண்டியில் ஹீட்டர் இல்லை. வண்டியில் எல்லோரையும் ஏற்றி, ஊருக்கு வெளியே சோளம் அறுத்த நாற்பது ஏக்கர் நிலத்துக்குக் கூட்டிப்போனார் கர்ட். ஆற்றுக் காற்று ஆளைத் தள்ளியது. அவர் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"இது பூரா உங்களுக்கு! ரயில் பாதை அதோ, அந்த வேலியோரம் வந்துடும்!"

டுவேன் என்று ஒரு ட்ரம்போன்காரர், பால் பண்ணை வைத்திருப்பவர், நிலத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதுல எங்க உக்காந்து வாசிக்கிறது?"

"எங்க வேணா வாசிக்கலாம் சார்! பத்து வருஷத்துக்குச் சொத்து வரி கெடையாது!"

"எங்ககிட்ட சொத்தே கெடையாதேப்பா," என்றார் டுவேன்.

"தொழிலாளர் பயிற்சித் திட்டம் இருக்கு!"

"டுவேனுக்குக் குடுங்க," என்றார் வெர்னா. "முப்பது வருஷமா அரைத் தாளம் பிந்தித்தான் வாசிக்கிறான். இங்க பாரு தம்பி, நீ நல்ல புள்ளையாத் தெரியுற. எங்களுக்கு ஒரு ஹீட்டர் வேணும். அது முடியுமா முடியாதா?"

கர்டின் முகம் வாடிவிட்டது. "எந்திரம் வாங்கிக் குடுக்கணும்னா விதிப்படி அம்பது புது வேலை உருவாக்கணும்மா."

"இன்னும் அம்பது பேரா? எங்க ஊர்ல இன்னும் அம்பது பேர் இருக்காங்க, இல்லேங்கல. அவங்க வாசிச்சு நீ கேட்டிருக்கியா?"

திரும்பி வரும் வழியில் காரில் நான் பொறுமை இழந்தேன். "கர்ட், அந்த ஹீட்டர மட்டும் வாங்கிக் குடுத்துடலாம். பழைய மன்றமா இருந்தா ஒரே கையெழுத்துல முடிஞ்சிருக்கும்."

அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "பெலிகனுக்கு வெறும் ஹீட்டரா? அவங்கள அவமானப்படுத்தற மாதிரி ஆயிடாதா?"

இந்த மனிதர் நல்லவராக இருந்து தொலைக்கிறாரே என்றுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போகலாம்.

மஞ்சள் ஹெல்மெட்டுகளை ஊர் பார்த்துவிட்டது, அப்புறம் ரகசியம் எங்கே நிற்கும்? அந்த வாரமே மாவட்டப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது: 'யார் இந்தப் பெலிகன்? ஊசலாடும் பதினான்கு வேலைகள்'. பத்திரிகை ஆற்றைத் தாண்டியும் விற்கும். பக்கத்து மாநிலத்தின் வளர்ச்சி அலுவலகத்திலிருந்து கிரெட்சன் என்ற ஒரு பெண் பாலத்தைக் கடந்து வந்தாள், பெலிகனைக் கொத்திக்கொண்டு போகத்தான். ஊர்க் கூடத்துக் கதவைத் திறந்து பார்த்து, பேண்டு வாத்தியம் என்று தெரிந்ததும் டிரம் பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாளாம்.

வெர்னா போனில் சொன்னார். "சிரிச்சு முடிச்சிட்டு, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு மார்லிஸ். அவ்வளவுதான் கேட்டுச்சு. கையில ஒரு தாள்கூட இல்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சூடு வேணும்னேன். அந்தப் பக்கம் தீயணைப்பு நிலையத்துக் கூடம் இருக்காம். நல்லா சூடா இருக்குமாம். மீன் வறுக்கிற கடைக்கு அடுத்த வாசல். வெள்ளிக்கிழமை உங்களுக்குத்தான்னு சாவியக் கையில குடுத்துட்டுப் போயிடுச்சு."

"போகாதீங்க வெர்னா. ரெண்டே ரெண்டு வாரம் குடுங்க, நான் எப்படியாவது வாங்கித் தரேன்."

"நேத்து குளிர்ல டுவேனோட உதடு ட்ரம்போன்ல ஒட்டிக்கிச்சுடி. வெந்நீர் ஊத்தித்தான் பிரிச்சோம். அவன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுறா. ரெண்டு வாரமாம்!"

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை மாலை நான் பாலத்துக்குக் காரை ஓட்டிப்போனேன். கர்ட் எனக்கு முன்பே வந்து, மாநில எல்லை எழுதியிருக்கும் பலகைக்குக் கீழே கோப்போடு நின்றுகொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. பதினான்கு பேரும் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள்.

"கடைசியா ஒண்ணு!" என்று கத்தினார் கர்ட். "நெடுஞ்சாலையில இருந்து உங்க ஊருக்குத் திரும்ப தனிப் பாதை போட்டுத் தரோம்!"

"வழிய விடு தம்பி," என்றார் வெர்னா, "மீன் ஆறிடும்." போகிற போக்கில் என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார். டியூபா எல்லையைத் தாண்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை நான்காவது மாடியில் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். கம்பெனி போய்விட்டாலும் அங்கே ஒரு சடங்கு உண்டாம். நாங்கள் அங்கே வந்த பத்து மாதத்தில் அதுதான் முதல் முறை. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பலகையை உருட்டி வந்தார்கள். அதில் மூன்று கட்டங்கள்: போனவர் யார், எத்தனை பேர், எந்த மாநிலம் பறித்துக்கொண்டது. கர்ட் மார்க்கரை எடுத்து, டர்ட்டில் பெண்ட் ஊர் வாத்தியக் குழு, பதினான்கு, என்று எழுதி, பக்கத்து மாநிலத்தின் பெயரையும் எழுதினார். நாற்பது பேரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பாதி டோனட்டை வாயில் வைத்திருந்த ஒருவர் அதை மெல்லாமல் நின்றார்.

சிரிக்கத்தான் வந்தேன். அழுதுவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ குழுக்கள் போயிருக்கின்றன, இந்தத் தலைநகரத்தில் ஒருவர்கூட அதற்காக எழுந்து நின்றதில்லை, நான் உட்பட.

கர்ட் என்னிடம் வந்தார். கண் அவருக்கும் கலங்கியிருந்தது. "மார்லிஸ், இதுக்கு முன்னாடி எத்தன போயிருக்கு? எங்க பலகையில உங்க ஆளுங்க ஒருத்தர்கூட இல்லயே."

"பைன் கிரீக் கைமணிக் குழு," என்றேன். "எட்டுப் பேர்."

அவர் எழுதினார். "எந்த மாநிலம்?"

"எந்த மாநிலமும் இல்ல."

"இந்தக் கட்டத்தக் காலியா விட முடியாதுங்க. எங்கயாவது போயிருக்கணும்ல?"

"எங்கயும் போகல, கர்ட். கூரை ஒழுகிச்சு. நாலு தடவ நம்மகிட்ட எழுதிக் கேட்டாங்க. நாலு தடவயும் இல்லைன்னு கடிதம் போட்டது நான்தான். அப்புறம் குழுவே நின்னுடுச்சு."

அவர் மார்க்கரோடு பலகைப் பக்கம் திரும்பினார். நாற்பது பேரும் இன்னும் உட்காரவில்லை. பிறகு மூன்றாவது கட்டத்தில் நிதானமாக, பெரிய எழுத்தில், எங்கள் மாநிலத்தின் பெயரை எழுதினார்.

"அடுத்தது சொல்லுங்க," என்றார்.