ஆத்தா தியரி

...இன்னும் முக்கால் மணி நேரம்தான், பஸ் தருமபுரி போய்ச் சேர்வதற்குள் ஒரு இயக்குநர் பெயரை முடிவு செய்தாக வேண்டும், பத்து மணிக்குள் அனுப்பாவிட்டால் கட்டுரைக்கு முட்டைதான் என்று சினிமா பாடம் எடுக்கும் சென்னப்பன் சார் கறாராகச் சொல்லிவிட்டார், ஆத்தர் தியரி, அதாவது யார் நடித்தாலும் யார் எழுதினாலும் இயக்கியவர்தான் படத்தின் ஆசிரியர், அவர் கையெழுத்து எல்லாப் படத்திலும் தெரியும்... எனக்கு ஒருவர் கையெழுத்தும் தெரியவில்லையே? ஜப்பான்காரர், ஈரான்காரர் எல்லோரையும் வகுப்பில் பங்கு போட்டுக்கொண்டார்கள், நான் யோசித்து யோசித்தே கோட்டை விட்டேன். காலையில் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் புலம்பினால், "ஆத்தா தியரியா? எங்களப் பத்திக்கூடப் பாடம் வச்சுட்டாங்களா கண்ணு?" என்கிறாள், சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

சிரிப்பு அடங்கி, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைக்கிறது... நாங்கள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு முனியம்மாள் அக்காவோடு கடத்தூரில் மேட்னி பார்த்துவிட்டு வந்து, மாட்டுக்குத் தீவனம் வைத்தபடியே முழுக்கதையும் சொல்வாள் அம்மா. அவள் சொன்ன எந்தப் படத்திலும் யாரும் வெறும் வயிற்றோடு அழமாட்டார்கள், கதாநாயகிக்கு யாராவது சோறு போட்டுவிடுவார்கள், கடைசியில் அவள் கல்யாணத்தை உதறிவிட்டுப் படிக்கப் போக பஸ் ஏறிவிடுவாள்... கல்லூரிக்கு வந்து அதே படங்களை லேப்டாப்பில் பார்த்தால் சோறும் இல்லை, பஸ்ஸும் இல்லை, கதாநாயகி தாலிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏம்மா பொய் சொன்னே என்று போன லீவில் கேட்டேன். "நான் எங்கடி முழுப்படம் பாத்தேன்? அஞ்சு மணிக்கு சொசைட்டியில பால் ஊத்தணுமே, இண்டர்வெல்லோட எந்திரிச்சு வூட்டுக்கு ஓடியாந்துருவேன். மீதியெல்லாம் நானா சொன்னதுதான்" என்றாள், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

அம்மா, அத்தனை இரண்டாம் பாதிக்கும் நன்றி... ஒருநாளும் என்னை அழவிட்டுத் தூங்க வைத்ததில்லை நீ. ஞானமேரி என்று அவள் பெயரை டைப் செய்து சாருக்கு அனுப்பிவிட்டேன். உடனே பதில் வருகிறது, "ஜெனிஷா, இவங்க எந்த நாட்டு டைரக்டர்? எத்தனை படம் எடுத்திருக்காங்க?" படமே எடுக்காதவர் என்றால் ஒத்துக்கொள்வாரா, வகுப்பில் வைத்துச் சிரிப்பாரா, முட்டையேதானா? பிளஸ் டூ முடிந்ததும் பிளசி அத்தை கொண்டுவந்த மாப்பிள்ளையை, "அவ படிக்கப் போறா அண்ணி" என்று ஒரே பேச்சில் அம்மா திருப்பி அனுப்பியது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது? மடியில் டப்பா இன்னும் சுடுகிறது... சோறு கட்டிக் கொடுத்தாயிற்று, பஸ்ஸும் ஏறியாயிற்று... ஒரு படம் சார், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அனுப்பலாமா?