மேடை நிறைந்த கூட்டம்

எங்கள் ஊர் நூலகத்தில் புதன்கிழமைதோறும் நண்பகலில் ஒரு மணி நேரம் பேச்சோ பாட்டோ நாடகமோ நடக்கும். அனுமதி இலவசம். எல்லாச் சிக்கலும் அந்த இலவசத்தில்தான் ஆரம்பித்தது.

கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடற்கரைச் சாலையை ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. இங்கே நடுப்பகல் இலவசம் என்றால் ஜனங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். வீட்டுமனை விற்கிறவர்கள் வேனில் ஏற்றிப் போய், கல் நட்ட பொட்டலைக் காட்டி, பிரியாணி போட்டு அனுப்புவார்கள். அதனால் நூலகர் ஜெசிந்தா முதல் அறிவிப்பை வாசலில் ஒட்டியபோது எட்டிப் பார்த்த சிலரும், "மனை எங்க கீது?" என்றுதான் கேட்டார்கள். மனை இல்லை, கண் பராமரிப்பு பற்றி டாக்டர் பேசுகிறார் என்றதும், "அப்ப சாப்பாடு?" என்றார்கள். சாப்பாடும் இல்லை என்று தெரிந்தபின் டாக்டர், ஜெசிந்தா, நான் ஆகிய மூவர் மட்டும் எங்கள் கண்களைப் பராமரித்துக்கொண்டோம்.

நான் கஸ்தூரிரங்கன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் என் பேச்சுக்குக் காது கிடைக்காததால் நூலகத்துக்குப் போகிறவன். ஜெசிந்தா செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். வேலைக்கு நடுவில் ஒரு மனுஷன் ஒரு நல்ல விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனால் அவனுடைய சாயங்காலமே வேறு மாதிரி இருக்கும் என்று மனசார நம்புகிறவர். அப்படி நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் நிறையப் பொறாமையும் வரும்.

காலி நாற்காலிகளைப் பார்த்து அவர் முகம் தொங்கியபோது வழி சொன்னவன் நான்தான். எங்கள் ஊர்க்காரனைப் பார்வையாளராக வா என்றால் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்பான். முன்னிலை வகிக்க வா என்றால், அந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, நமக்கு முன்னால் வந்து நிற்பான். "பேனரில் பேர் போடுங்கள் மேடம், ஆள் தானாக வரும்" என்றேன்.

வந்தார்கள். ஐஸ் கம்பெனி முனிசாமி தலைமை ஏற்றார். அடுத்த வாரம் அவருக்கு ஆகாதவர் ஒருவர் முன்னிலைக்கு வந்தார். பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, கருத்துரை, நோக்கவுரை என்று தமிழில் எத்தனை உரை உண்டோ அத்தனைக்கும் ஆள் கிடைத்தது. நன்றியுரை மட்டும் நிரந்தரமாக என்னுடையது. தலைமைக்கும் முன்னிலைக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்கவில்லை. தலைமைக்குக் கை வைத்த நாற்காலி, மற்றவர்களுக்குக் கை இல்லாதது, அவ்வளவுதான்.

இப்படியாக மேடை நிரம்பியது. கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வழக்கம்போல் காலியாக இருந்தன. வரக்கூடிய அத்தனை பேரையும் நாங்கள் மேலே ஏற்றிவிட்டோமே, கீழே யார் உட்கார? முனிசாமியின் டிரைவர் மட்டும் கடைசி வரிசையில் ஃபேனுக்கு அடியில் தூங்குவார். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் சிலர் மைக் சத்தம் கேட்டதும் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

மேடையில் எல்லோருக்கும் சால்வை உண்டு. வாராவாரம் புதுசு வாங்க நூலகம் என்ன ஜவுளிக்கடையா? அதனால் விழா முடிந்து இறங்கும்போது சால்வையை மடித்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போவது எங்களுக்குள் ஏற்பட்ட பழக்கம். ஜெசிந்தா அவற்றைத் திரட்டி, ரசகற்பூர உருண்டை போட்டு பீரோவில் வைப்பார். ஊர்ப் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரின் வியர்வையும் அந்தச் சரிகைக்குத் தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ஜெனிட்டா வந்து மாட்டினாள்.

ஜெனிட்டா எங்கள் ஊர்ப் பெண். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு ஓராள் நாடகம் போடப் போய்விட்டாள். அதிலிருந்து அவள் அப்பா ஏசுபாதம் அவளோடு பேசுவதில்லை. ஏசுபாதம் ஒரு தொழிற்சாலையில் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்கிறவர்களிடம், "வேற கம்பெனிக்கு மாறிட்டா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். மகள் தனியாக ஊரப்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தஞ்சாவூர் வரைக்கும் போய் நாடகம் போட்டவள், சொந்த ஊரில் போட்டதில்லை.

ஜெசிந்தா கூப்பிட்டதும் அவள் நேரில் வந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பது போல இருந்தேன் என்பது சரி.

"மேடம், எனக்கு ஒண்ணும் வேணாம். பஸ் சார்ஜ் கூட வேணாம்" என்றாள். "எங்கப்பாவ எப்படியாவது வர வெச்சிடுங்க. முன்னாடி உக்காந்து ஒரே ஒரு தடவ நான் ஆடறத நேரா பாத்துட்டா போதும். அப்புறம் திட்டனா கூட வாங்கிக்கறேன்."

திட்டக்கூட ஆள் இல்லாமல் இருக்கிற கஷ்டம் அவள் குரலில் இருந்தது. ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏசுபாதத்தை வரவழைக்க வழியா இல்லை? அவள் போனதும் பேனரில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தோம். 'முன்னிலை: திரு. ஏசுபாதம் அவர்கள்.' அவர் வீட்டுக்கு அழைப்பிதழ் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகளின் பேரைப் பார்த்தார், முகம் சுருங்கியது. தன் பேரைப் பார்த்தார். "அவர்கள்னு போட்டு கீறீங்களே" என்றார்.

புதன்கிழமை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் அவர் வந்துவிட்டார். கை இல்லாத நாற்காலியில், மேடையின் நட்டநடுவில் உட்கார வைத்தோம். ஜெனிட்டா வந்து பேனரையும் மேடையையும் பார்த்துவிட்டு ஜெசிந்தாவை ஓரமாக இழுத்துப் போனாள்.

"எங்கப்பாவ ஏன் மேடம் மேல ஏத்தினீங்க?"

"கௌரவம்மா! வேற எப்படி வருவாரு?"

"அவங்க எல்லாரும் எனக்குப் பின்னாடி இருக்காங்களே. அவருக்கு என் முதுகுதான தெரியும்?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். நான் பேனரைப் பார்த்தேன். இத்தனை மாதமாக எத்தனையோ பேச்சாளர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே கைதட்டியிருக்கிறோம். அது ஒரு குறை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. "இப்ப எறக்கினா கோச்சிக்குவாரும்மா" என்றார் ஜெசிந்தா. அதுவும் உண்மைதான். சால்வை போட்டு ஏற்றிய மனுஷனை எந்த முகத்தோடு கீழே போகச் சொல்வது?

விழா ஆரம்பித்தது. வரவேற்றவர் மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரவேற்றார். வாழ்த்தியவர் வரவேற்றவரை வாழ்த்தினார். முனிசாமி தலைமையுரையில் தான் வார்டு எலெக்‌ஷனில் தோற்றுப்போன கதையை இன்னொரு தடவை சொன்னார். ஒவ்வொருவரும், "நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். ஜெனிட்டா மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவும் மகளும் ஒரே மேடையில் இருந்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள், அதிலும் ஏசுபாதம் சர்க்கரை வியாதிக்காரர்.

அவள் கைக்கு மைக் வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

மேடை முன்னால் வந்து நின்றாள். கீழே காலி நாற்காலிகளைப் பார்த்தாள். தூங்குகிற டிரைவரைப் பார்த்தாள். மைக்கை அணைத்து ஜெசிந்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, படியில் கீழே இறங்கினாள்.

முனிசாமி பதறிப்போனார். "இன்னாம்மா எறங்கிட்ட? கோச்சிக்கினியா? நான் ஜாஸ்தி பேசிட்டனா?"

"இல்ல அங்கிள். ஜனம் மேலதான கீது? அத பாத்துதான ஆடணும்."

முன் வரிசை நாற்காலிகளைப் பின்னால் தள்ளி இடம் பண்ணிக்கொண்டாள். காலி நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி, மேடையைப் பார்த்து நின்றாள். மேலே ஒரு சலசலப்பு. அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பைக்குள் போட்டார்கள். ஒருத்தி எதிரே நின்று நேருக்கு நேர் முகத்தைப் பார்க்கும்போது என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மேடையில் உட்கார்ந்து பழகிய எங்களுக்குப் பார்வையாளராக இருந்து பழக்கமில்லை.

கதை ஒன்றும் பெரியதில்லை. ஒருவர் குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்புகிறார். வீட்டைப் பூட்டுகிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிறார். தெருமுனை வரைக்கும் போய், கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து திரும்புகிறார். திறந்து, குமிழைத் திருகிப் பார்த்து, குனிந்து முகர்ந்து பார்த்து, மறுபடி பூட்டி, இழுத்துப் பார்க்கிறார். மறுபடியும் தெருமுனை. மறுபடியும் சந்தேகம், இந்தத் தடவை ஃபேன். ஜெனிட்டா வேஷம் எதுவும் போடவில்லை. இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, கட்டைவிரலை வேட்டி மடிப்பில் சொருகுவது போல வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

முதலில் சிரித்தது முனிசாமி. பிறகு ஒவ்வொருவராக ஓரக்கண்ணால் நடு நாற்காலியைப் பார்த்தார்கள். அங்கே ஏசுபாதம் இடது தோளை இறக்கி, கட்டைவிரலை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் அவர் பூட்டை இழுப்பதைப் பார்க்காதவர்கள் யார்? சிரிப்பு சட்டென்று நின்றது. இந்தப் பெண் இருந்த ஒரு நூலையும் அறுத்துக்கொண்டாளே என்று நினைத்தேன்.

ஜெனிட்டாவும் கவனித்துவிட்டாள், ஆனால் நிறுத்தவில்லை. கதையில் இப்போது கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிறார்கள். இந்த மனுஷன் இன்னும் தன் வாசற்படியில்தான் நிற்கிறார். பெண்டாட்டி பிள்ளைகள் சலித்துப்போய் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் உள்ளே இருப்பது தெரியாமல் அவர் வெளியே பூட்டிவிட்டு, கையால் இழுத்துப் பார்க்கிறார். அப்பாடா என்று திரும்புகிறார்.

"இரு, இரு" என்றது மேலேயிருந்து ஒரு குரல். ஏசுபாதம் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "அது பத்தாது. இன்னொரு தபா இழு."

ஜெனிட்டா அந்த மனுஷனாகவே திரும்பி வந்து, இல்லாத பூட்டை இன்னொரு தடவை பலமாக இழுத்துப் பார்த்தாள்.

"ஹாங்" என்றார் ஏசுபாதம். "இப்ப சரி."

மேடை முழுக்கச் சிரித்தது. முனிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏசுபாதம் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து, கடைசி வரைக்கும் மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவள் கேட்டது அதுதான்.

முடிந்ததும் நான் நன்றியுரைக்கு எழுந்தேன். வழக்கமாக மைக் செட்காரரிலிருந்து ஆரம்பிப்பேன். "சார், பசிக்குது" என்றார் முனிசாமி. ஒவ்வொருவராகச் சால்வையை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினார்கள். என் நன்றியைக் கேட்க டிரைவர் மட்டும் இருந்தார், அவரும் அப்போதுதான் விழித்திருந்தார்.

அதற்குள் ஜெசிந்தா என் காதருகே வந்து, "சார், ஒரு சால்வை குறையுது" என்றார்.

ஓடினேன். வாசலில் ஏசுபாதம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். சால்வை அவர் தோளில் இருந்தது. பழக்கத்தை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இன்னா சார், போத்துனத புடுங்க வந்து கீறீங்களா?"

ஒதுங்கி வழி விட்டேன். அவர் பக்கத்தில் நின்ற மகளிடம் திரும்பினார். நாடகத்துக்கு வெளியே, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முதல் பேச்சு. "கெளம்பறச்ச கேஸ மூடனனான்னு ஞாபகம் இல்ல. வா, வூட்டுக்குப் போய் பாக்கலாம்" என்றார்.

உச்சி வெயிலில் அந்தக் கனத்த சால்வையோடு அவர் முன்னால் நடந்தார். ஜெனிட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட நடந்தாள். முச்சந்தியில் மீன் விற்கிற பொன்னி, "இன்னா அண்ணாத்த, சால்வலாம் போட்டுகினு? இன்னா சாதிச்ச?" என்று கத்தினாள்.

"எம் பொண்ணு ஆடனா, நான் உக்காந்து பாத்தேன்" என்றார் ஏசுபாதம். "பாத்ததுக்குப் போட்டாங்க."