விரதத்துக்கு ஆகும்

விரதம் தொடங்கிய நான்காம் நாள் பவானேஸ்வரி குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். பெரிதாக அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அன்றோடு அந்த வீட்டுச் சமையலறை கைமாறிவிட்டதை அவள் மகள் தேவிஸ்ரீ மட்டும்தான் கவனித்தாள்.

மலாக்கா மாநிலத்து மெர்லிமாவுக்கு அருகே, அவர்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பால்குடம் எடுப்பதாகப் பவானேஸ்வரிக்கு நேர்த்திக்கடன். நாற்பத்தெட்டு நாள் விரதம். மதியம் ஒரு வேளை மரக்கறிச் சோறு, மற்ற நேரமெல்லாம் பாலும் பழமும். அறுபத்து மூன்று வயது உடம்பு நான்கு நாள்தான் தாங்கியது.

"நான் ஒண்ணு செஞ்சி தரேன் அத்தே," என்றாள் மருமகள் ராகினி. "சியா விதை, பாலு, கெட்டித் தயிரு, வாழப்பழம். எல்லாம் விரதத்துக்கு ஆகும். புரோட்டீன் பவுடரும் போட்டுட்டா மயக்கமே வராது. எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு காலைல இததான் சாப்பிடறாங்க."

"தவள முட்ட மாதிரி இருக்குமே, அதுவா?" என்றாள் தேவிஸ்ரீ.

"நீங்க சாப்பிட வேணாம்லா அண்ணி," என்று ராகினி சிரித்தாள். பவானேஸ்வரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தேவிஸ்ரீக்கு வெகுநேரம் காதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் சாயங்காலம் ராகினி மூன்று நான்கு நாளுக்கானதை ஒன்றாகச் செய்து வைப்பாள். வாழைப்பழத்தை முள்கரண்டியால் நசுக்கி, பாலும் தயிரும் ஊற்றி, பவுடர் இரண்டு கரண்டி போட்டுக் கட்டியில்லாமல் அடிப்பாள். கடைசியில் விதை. பத்து நிமிடம் விட்டு மறுபடியும் கலக்குவாள். இல்லாவிட்டால் விதையெல்லாம் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஜாம் போத்தல்களில் ஊற்றி மூடி, ஐஸ்பெட்டியில் வரிசையாக அடுக்குவாள். ஒரு இரவு போனால் விதை ஊறி, கரண்டியை நட்டால் நிற்கும்.

பவானேஸ்வரிக்கு மயக்கம் வரவில்லை. முகம் தெளிந்தது. மாடிப்படியைப் பிடிக்காமல் ஏறினாள்.

தேவிஸ்ரீக்கு முப்பத்தெட்டு வயது. ஆறு வருடத்துக்கு முன் புருஷன் வீட்டிலிருந்து இரண்டு பெட்டியோடு ஜாசினில் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், அம்மா அறையிலேயே இன்னொரு கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டாள். இப்போது தம்பி விமலன் மலாக்கா டவுனுக்குப் பக்கத்தில் வீடு வாங்கியிருந்தான். திருவிழா முடிந்ததும் குடிபோவது என்று பேச்சு. மூன்று அறை. ஒன்று அவர்களுக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று பிறக்கப்போகும் பிள்ளைக்கு. இந்த வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"அண்ணிக்கு வேல ஜாசின்லதானே," என்று ராகினி சொன்னதைத் தேவிஸ்ரீ கேட்டிருந்தாள். "அவங்களுக்கு இங்கயே ஒரு ரூம் பாத்துக்கலாம்."

விமலன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பவானேஸ்வரி மட்டும், "திருவிழா முடியட்டும், அப்பறம் சொல்றேன்," என்றாள். தேவிஸ்ரீக்கு இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அம்மா ராகினியோடு போகமாட்டேன் என்றால் தேவிஸ்ரீக்கு ஒரு வீடு உண்டு. போகிறேன் என்றால் யார் வீட்டு மாடியிலோ ஒரு அறை, ஒரு கட்டில், பொதுக் குளியலறை.

நேர்த்தியே அவளுக்காகத்தான். அதையும் அவள் கேட்கவில்லை. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்மவளுக்கு ஒரு வழி பொறக்கணும், அதான்," என்று பவானேஸ்வரி சொல்லுவாள். அவர்கள் திரும்பித் தேவிஸ்ரீயைப் பார்ப்பார்கள். கெட்டுப்போன காயைக் கடைக்காரரிடம் காட்டுவதுபோல அம்மா தன்னைச் சாமியிடம் காட்டுகிறாள் என்று அவளுக்குத் தோன்றும்.

விரதத்தின் ஒன்பதாம் நாள் அந்தப் பவுடர் டின் அடுப்பு மேடையில் இருந்தது. தேவிஸ்ரீ ஜாசின் டவுனில் ஒரு மருந்துக் கடையில் ஐந்து வருடமாக வேலை செய்கிறாள். எந்த டின்னைக் கண்டாலும் காலாவதித் தேதி பார்க்கத் திருப்புவது கைக்குப் பழகிவிட்டது. முன்பக்கம் பச்சை இலை, சோயா மொச்சை, ஹலால் முத்திரை. பின்பக்கம் எறும்பு எழுத்தில் மலாயில் போட்டிருந்தது. சோயா புரதம், அதற்கடுத்து கொலாஜன், அதற்குப் பக்கத்தில் 'லெம்பு'.

மாடு.

படம் பார்த்து வாங்கியிருக்கிறாள் ராகினி. பின்னால் திருப்பவில்லை.

பவானேஸ்வரி பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. ஹரிராயாப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு சகீனா இவளுக்கென்றே தனிச் சட்டியில் கோழி ரெண்டாங் கறி வைப்பார். அதற்குத் தனிக் கரண்டியும் போட்டு வைப்பார். சாதாரண நாளிலேயே அப்படி. இது விரதம்.

தேவிஸ்ரீ கைபேசியை எடுத்து டின்னின் பின்பக்கத்தைப் படம் பிடித்தாள். அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிடத்தான் இருந்தாள். உண்மையில் அப்படித்தான் இருந்தாள். வேலை முடிந்து வந்தபோது பவானேஸ்வரி மேசை முன் உட்கார்ந்து போத்தலை வழித்துக்கொண்டிருந்தாள்.

"மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு." கரண்டியை நக்கியபடியே அம்மா நிமிர்ந்தாள். "இங்க பாரு, எவ்ளோ தெம்பா இருக்கு எனக்கு. ஆறு வருசமா எங்கூடவே இருக்கியே, உனக்கு இப்படி ஒண்ணு செஞ்சி குடுக்கணும்னு தோணுச்சா?"

தேவிஸ்ரீ அம்மாவின் வாயைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு கறுப்பு விதை ஒட்டியிருந்தது.

"என்ன சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு எனக்கு மத்தியான ஷிப்ட்டு."

அன்று ஒரு நாள் சொல்லாமல் விட்டாள். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தபோது, இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தாள். ராகினி அழுவாள். அம்மா குளித்துவிட்டு வந்து, தெரியாமச் செஞ்ச புள்ள என்பாள். அன்றிலிருந்து விரதத்தைத் தொடர்வாள். ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். திருவிழாவுக்கு முந்தின நாள், சொந்தக்காரர்கள் நடுவில் சொன்னால் மறக்க முடியாது. சின்னம்மா கோமளா லூபோக் சீனாவிலிருந்து வருவாள். அவள் காதுக்குப் போனால் ஊருக்கே போனமாதிரி.

அதன் பிறகு காத்திருப்பது சுலபமாகிவிட்டது.

தினமும் காலையில் அம்மா சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்துகொள்வாள். பேசமாட்டாள். கரண்டி போத்தலுக்குள் போய் வாய்க்குப் போவதைப் பார்ப்பாள். "என்னடி அப்படிப் பாக்கறே, உனக்கும் வேணுமா?" என்பாள் அம்மா. தேவிஸ்ரீ தலையாட்டி மறுப்பாள். பவானேஸ்வரி மகள் பக்கத்தில் வந்து உட்காருவதையே பெரிதாக எண்ணிச் சந்தோஷப்பட்டாள். நேர்த்தி பலிக்கத் தொடங்கிவிட்டது என்று சகீனாவிடம் வேலிக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் தேவிஸ்ரீயின் காதில் விழுந்தது.

ஒரு புதன்கிழமை ராகினி ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணி, இன்னிக்கி லேட்டாவும் போலருக்கு. அத்தேக்கு நாளைக்கு ஒண்ணும் மிச்சமில்ல. நீங்க கொஞ்சம் கலக்கி வெச்சிடறீங்களா? பவுடர் ரெண்டு கரண்டி போதும்."

தேவிஸ்ரீ வெகுநேரம் சமையலறையில் நின்றாள். ஐஸ்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வெறும் பாலும் விதையும் போட்டுக் கலக்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. அவள் டின்னைத் திறந்தாள். பவுடருக்கு வனிலா வாசனை. இரண்டு கரண்டி போட்டாள். பிறகு இன்னொன்றும் போட்டாள். பத்து நிமிடம் கழித்து மறக்காமல் மறுபடியும் கலக்கினாள். கட்டியே இல்லாமல் வந்தது.

"இன்னிக்கி இன்னும் நல்லாருக்கே," என்றாள் பவானேஸ்வரி மறுநாள்.

நாற்பத்தேழாம் நாள் மத்தியானம் வீடு நிறைந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்து சின்னம்மா கோமளா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். ராகினி பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விமலன் வேன்காரனிடம் போனில் பேசி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மஞ்சள் சேலையில் பவானேஸ்வரி நாற்காலியில் இருந்தாள்.

"எக்கா, நாப்பத்தேழு நாள் பட்டினி கெடந்தவ மாதிரியா இருக்கே? கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே," என்றாள் கோமளா.

"எல்லாம் எம்மருமவ கைப்பக்குவம்."

"அந்தக் கைப்பக்குவத்துல என்ன இருக்குன்னு கேளுங்க சின்னம்மா," என்றாள் தேவிஸ்ரீ.

அவள் குரல் அமைதியாக இருந்தது. எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். கைபேசியைக் கோமளாவின் மடியில் வைத்தாள். "படிங்க. மலாய்லதான் இருக்கு. லெம்பு."

கோமளா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். கையிலிருந்த மல்லிகை பாயில் விழுந்தது. "மாடா? அட கடவுளே! மாடா?"

ராகினி எழுந்த வேகத்தில் குடம் உருண்டது. சமையலறைக்கு ஓடி டின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "அத்தே, நான் பாக்கல அத்தே. சத்தியமா பின்னால பாக்கல. சோயா படம் போட்டிருந்துச்சி..."

"படிச்ச புள்ள," என்றாள் கோமளா. "ஆபீஸ்ல வேல பாக்கற புள்ள. திருப்பிப் பாக்கத் தெரியாதா உனக்கு? விரதக்காரிக்கு மாட்டக் கரைச்சி ஊத்துனியா?"

பவானேஸ்வரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விமலன் பெண்டாட்டியின் பக்கமும் போகவில்லை, அம்மாவின் பக்கமும் போகவில்லை. நடுவில் நின்றான். தேவிஸ்ரீ இதைத்தான் முப்பத்தெட்டு நாள் மனதில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

கோமளா தன் அக்காவுக்குக் காட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கப் போனாள். விரல் எங்கோ பட்டது. படத்துக்கு மேலே தேதி வந்து நின்றது.

"தேவி, இது போன மாசத் தேதியா இருக்கே?"

கோமளா விரல் மடக்கி எண்ணினாள். "விரதம் ஆரம்பிச்சி ஒம்பதாம் நாளு."

"அண்ணி," என்று சமையலறையிலிருந்து ராகினியின் குரல் வந்தது. அழுகை நின்றிருந்தது. "அப்படின்னா அன்னிக்கி புதன்கிழம நீங்கதான கலக்கி வெச்சீங்க?"

பவானேஸ்வரி கைகளை வாயிலிருந்து எடுத்தாள். மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவிஸ்ரீ தாங்கியிருப்பாள்.

"தெனமும் எதிர்ல வந்து உக்காருவியே," என்றாள் பவானேஸ்வரி. "நான் சாப்பிடும்போது என்னத்த நெனச்சிக்கிட்டு இருந்தே?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். தேவிஸ்ரீ தேடினாள், அகப்படவில்லை. "இன்னும் எத்தன நாள் இருக்குன்னு," என்றாள்.

அம்மா தலையை ஆட்டினாள், கடையில் விலை கேட்டுத் தெரிந்துகொண்டவள்போல. எழுந்து குளியலறைக்குப் போனாள். உள்ளே வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். தேவிஸ்ரீ குனிந்து, உருண்டு கிடந்த குடத்தை நிமிர்த்தப் போனாள்.

"அதத் தொடாத," என்றாள் கோமளா.

ஈரத் தலையோடு பவானேஸ்வரி வெளியே வந்தாள். "விமலா, கோயில் செகரட்டரி நம்பரப் போடு."

"பால்குடம் எடுக்கலேன்னு சொல்லிடவா மா?"

"ஏன் எடுக்கல? ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன். தெரியாம சாப்பிட்டவள அவ ஒண்ணும் செய்யமாட்டா." போனை வாங்கிக் காதில் வைத்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வணக்கம் தம்பி, பவானேஸ்வரி பேசறேன். நாளைக்கி என் கொடத்துக்கு அர்ச்சனை பண்ண ஒரு பேரு எழுதிக் குடுத்திருந்தேன்ல, தேவிஸ்ரீன்னு? அத அடிச்சிடுங்க. ஆமா, அடிச்சிடுங்க. வேற பேரு போடணும்."

தேவிஸ்ரீ, "மா," என்றாள்.

பவானேஸ்வரி திரும்பவில்லை. சமையலறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "உன் நட்சத்திரம் என்னம்மா?" என்று கேட்டாள்.

ராகினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தேவிஸ்ரீயை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"சதயம் அத்தே."